பதிவேட்டில் ஒரு காட்டெருமை

கட்டபெட்டுக்குக் கீழே எங்கள் ஃபேக்டரி.
மாடியில் இலை வாட்டும் தொட்டிகள், பக்கத்துக்கு ஏழு.
நடுவில் ஓர் ஆள் நடக்க வழி.
விசிறிகளைப் போட்டுவிட்டால் பேசுவது கேட்காது.
இரவு ஷிஃப்டில் நானும் தெய்வயானை அக்காவும்தான்.

போன வருஷம் ஜூனில், கோயம்புத்தூரில்
என் உயரத்தை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள்.
முழங்கைக்கு மேலே கவாத்துக் கத்தி இழுத்த கோடு.
யூனிஃபார்மில் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள்.
வேலை உறுதி, செல்வி பிரிசில்லா.
விமானம் வந்ததும் சேரலாம்.

முதல் கடிதத்தில் எங்கோ வேலைநிறுத்தம்.
இரண்டாவதில், உடம்பு தயார், எஞ்சின் இல்லை.
மூன்றாவதில் எஞ்சின் வந்துவிட்டது, இருக்கைகள் இல்லை.
நான்காவதில்
கழிவறைக் கதவு.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கினேன்.
"கான்கிரீட் போட்டாச்சு, கதவு வரலை.
மேஸ்திரி கணக்குதானே" என்றாள்
வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

ஜனவரியில், உறைபனி விழுந்த ராத்திரி,
இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
விசிறிகள் ஓய்ந்த பிறகுதான் அது கேட்டது.
இடியில்லை. பாறை உருளும் சத்தம்,
ஆனால் மேலே.
ஜன்னலில் தலையை நீட்டினேன்.
கண்சிமிட்டும் சிவப்பு இல்லை, எந்த விளக்கும் இல்லை.
நட்சத்திரங்கள் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தன,
ஒரு முக்கோணம் கடந்துபோகிற வரிசையில்.

விடிவதற்குள் குஞ்ஞாலி கடையில் அது வளர்ந்திருந்தது.
சூலூரில் கிளம்பியது, இன்னும் பேர் வைக்காதது
என்றார் லாரி சந்திரகாசன்.
வெலிங்டன் மெஸ்ஸுக்கு முட்டை போடும் ஆரோன்
குரலைத் தாழ்த்தினார்:
"நேத்து இருநூறு முட்டை கூடுதல்.
நான் சொன்னதா இருக்க வேண்டாம்."
ரேடாருக்கே தெரியாதாம்.
ரேடாருக்குத் தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?
கரண்ட் போனதே அதனாலதான்.
மின்வாரியத்தில் கேட்டோம்.
கரண்ட் போகவே இல்லை என்றார்கள்.
அது அவர்கள் எப்போதும் சொல்வது.

வாச்மேன் பெள்ளி பதிவேட்டில் எழுதியிருந்தார்:
2.10. வானத்தில் சத்தம். விளக்கு இல்லை. வடக்கே போனது.
மேனேஜர் படித்தார். வாசலைப் பார்த்தார்.
யாரும் வந்து விசாரிக்கவில்லை என்பதுதான்
அவரைப் பயமுறுத்தியது.
அடித்துவிட்டுத் தன் கையாலேயே மேலே எழுதினார்:
காட்டெருமை, ஒன்று.
பெள்ளி கையெழுத்துப் போட்டார்.
வடக்கே போனது என்பதை மட்டும்
அடிக்க மறந்துவிட்டார்கள்.

என் ஃபோனில் ஒரு விமானம் இருக்கிறது.
வெள்ளை வயிறு, ஆரஞ்சு வால்,
பதிவெண்கூடக் கொடுத்துவிட்டார்கள்.
அதை யாரும் பார்த்ததில்லை.
படமே இல்லாத ஒன்று என் தலைக்கு மேல் போனது.
அதற்கு எஞ்சின் கேட்ட தேதிக்கு வந்ததா?
அதைச் செய்கிற இடத்தில்
கதவுக்காகக் காத்திருப்பார்களா?
அதற்குள் என் வயதில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால்
மறுநாள் வீட்டில் கேட்டிருப்பார்கள்,
என்னம்மா வேலை இன்னிக்கு என்று.
அவள் என்ன சொல்லியிருப்பாள்?

நேற்று ஆறாவது கடிதம். திறக்கவில்லை.
அக்கா டீ குடிக்கக் கீழே இறங்கியதும்
விசிறி இரைச்சலில் நடுவழியில் நிற்கிறேன்.
சிரிப்பை மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டுகிறேன்.
முன்னால் இரண்டு. இறக்கைமேல் நான்கு. பின்னால் இரண்டு.
பதினாலு தொட்டி இலையும் கவனித்தபடியே
ஈரம் இறங்கித் தளர்கிறது.

கேட்டருகே ஏதோ கறுப்பாக, லாரி அகலத்துக்கு.
மூச்சு வெள்ளையாக வருகிறது.
பெள்ளி டார்ச் அடித்துப் பார்க்கிறார்,
கொம்பிலிருந்து குளம்புவரை நிதானமாக.
பிறகு எதையும் எழுதாமல்
உள்ளே போய்விடுகிறார்.